பழைய தகட்டுக்குள் புது லாக்

ஐயா, நான் சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. வேண்டுமானால் என் பல்செட்டின் மேல் அடித்துச் சத்தியம் செய்கிறேன். எழுபத்திரண்டு வயதில் என்னிடம் ஒழுங்காக இருப்பது அது ஒன்றுதான்.

வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லாக் மாற்றுவது குற்றமில்லை. குதிரை, வில், சக்கிமுக்கிக் கல் எல்லாம் சேர்ந்து பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும் பகுதியைத்தான் லாக் என்போம். தேய்ந்தால் மாற்றத்தான் வேண்டும். எங்களுடையது நன்றாகவே தேய்ந்திருந்தது. விசையை இழுத்தால் கல் உரசும், பொறி விழும், புஸ்ஸென்று புகையும், அப்புறம் துப்பாக்கி யோசிக்கும். ஒருமுறை நான் விசையை இழுத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, குறிப்பலகைக்கு முன்னால் வந்து நின்ற ஆட்டை அதட்டி விரட்டின பிறகுதான் வெடித்தது. குண்டு நட்டநடுவில் பட்டது. ஆட்டுக்காரர் உயிரோடுதான் இருக்கிறார், விசாரித்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தாமதத்தை வித்தையாக்கியவர் என் தங்கை புருஷன். மாப்பிள்ளை துப்பாக்கியைத் தரையைப் பார்க்கப் பிடித்தபடியே விசையை இழுத்துவிடுவார். பிறகு ராஜா மாதிரி நிதானமாகத் தூக்குவார். தோளுக்கு வரவும் வெடிக்கவும் சரியாக இருக்கும். கூட்டம் கைதட்டும். வருடாந்திரச் சுடும் போட்டியில் ஆறு வருடம் கோப்பை அவருக்கு. துப்பாக்கி என்னுடையது.

"மச்சான், உங்க துப்பாக்கியும் உங்கள மாதிரிதான். ஒண்ணு சொன்னா மண்டைல ஏற அரை நாளாகுது" என்பார், எல்லோர் முன்னாலும். நானும் சிரிப்பேன். எனக்குக் கோபமே வராது என்று பெயர்.

மைதானத்தில் ஒரு விதி உண்டு. சுடப் போகிறவர் தன் போனைக் கூட வந்தவரிடம் கொடுத்துவிட்டுத்தான் சுடும் கோட்டுக்குப் போகவேண்டும். இருந்தது ஒரே துப்பாக்கி. நாங்கள் இருவரும் மாறி மாறிச் சுடுவோம்.

போன வருடப் போட்டியன்று காலையில் தங்கைக்கு வயிற்றுவலி. வீட்டில் தனியாக இருந்தவள், புருஷனுடைய போனுக்கு அடித்தாள். "போட்டி முடியட்டும்மா, வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். அதுவரைக்கும் வெந்நி குடிச்சிட்டுப் படு" என்று மைதானத்திலிருந்து பதில் போனது. படுத்தாள். குடல்வால் வெடித்துவிட்டதாம். "ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மாப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "எனக்கு ஒரு போன் பண்ணணும்னுகூட அவளுக்குத் தோணலையே மச்சான்" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தில் பல்செட்டில் ஒரு பல் தெறித்துவிட்டது. இதோ, இந்த இடம். இன்னும் கட்டவில்லை.

லேத் பட்டறையில் கொடுத்துப் புது லாக் போட்டேன். பழைய துருப்பிடித்த தகட்டையே மேலே வைத்துத் திருகச் சொன்னேன். பார்த்தால் வித்தியாசமே தெரியாது. பட்டறைக்காரர் நல்ல மனிதர். "பெரியவரே, இப்ப தொட்டாலே வெடிக்கும். யாருக்காச்சும் இரவல் குடுத்தா சொல்லிட்டுக் குடுங்க" என்றார்.

"சொல்லாம குடுப்பேனா தம்பி?" என்றேன். பொய்தான். ஆனால் அது உங்களிடம் சொன்னதில்லை.

இந்த வருடம் மாப்பிள்ளை போட்டிக்கு வரவே மாட்டேன் என்றார். நான்தான் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, "அவ இருந்திருந்தா உங்களப் போகத்தான சொல்லியிருப்பா?" என்று கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார். மருந்து கெட்டித்துக் கொடுத்தது நான். போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். "நிதானமா சுடுங்க மாப்பிள்ளை" என்றேன்.

வழக்கம்போலத் தரையைப் பார்க்கப் பிடித்து இழுத்தார். இந்த முறை துப்பாக்கி யோசிக்கவில்லை. அவருடைய வலது கால் ஷூவை அப்புறம் யாரும் தேடவில்லை.

அங்கே கார் என் ஒருவனிடம்தான் இருந்தது. "மச்சான், சீக்கிரம்" என்றார். சாவி என் இடது பையில் இருந்தது. வலது பையில் தேடினேன். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடியும் வலது பையிலேயே தேடினேன். பாதி வழியில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

எழுதிக்கொள்ளுங்கள்: கொன்றது நான்தான். என் தங்கையைக் காக்கவைத்தவருக்குக் காத்திருப்பது எப்படியிருக்கும் என்று ஒரே ஒருமுறை காட்டினேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

உங்கள் தாளில் இன்னும் ஒரு வரிக்கு இடமிருந்தால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போன வருடம் அந்தப் போன் அடித்தபோது மாப்பிள்ளை கோட்டில் நின்று சுட்டுக்கொண்டிருந்தார்; எடுத்துப் பதில் சொன்னவன் நான், அடுத்துச் சுடும் முறை என்னுடையது.