லைட்டவுசு வேணாம்னு கழிச்ச கல்லு

— ஏமய்யா ஏழுமலை, சூலம் செதுக்கின கல்லு வரிசையா ஒம்பது நிக்குது. இது எல்லைக்கல்லு இல்லாம வேற என்ன?

— லைட்டவுசு, சர்வேயர் சாரே.

— சரே, சரி. சமுத்திரம் எங்க? நேத்து வரைக்கும் சத்தியவேட்டுல இருந்துச்சா?

— மதராசு ஆர்பர்ல அலையைத் தடுக்கக் கல்லு கொட்டி, அதோட கோடியில லைட்டவுசு கட்டினாங்களே, அதுக்கு எங்க குன்றை ஒடைச்சுதான் கல்லு போச்சு. எங்க நைனா மேஸ்திரி. அவுரு ஆளுங்க ஒடைச்ச கல்லுக்கு அடையாளம் சூலம்.

— இந்த ஒம்பதும் படகைத் தவற விட்டுடுச்சா?

— கழிச்ச கல்லுங்க. வெள்ளக்காரன் தடியால தட்டிக் காதை வெச்சுக் கேப்பான். இருமுற கல்லு வேணாம்னுட்டான். கடல்காத்துக்கு சளி முத்திடுமாம்.

— நீ சொல்லு, நான் கேட்டுக்கினே இருக்கேன்.

— மூணு தபா கட்டினதை சமுத்திரம் துன்னுடுச்சு. நாலாவது தபா அதுக்கே வவுறு ரொம்பிப் போச்சு. அப்பதான் விளக்கு நின்னுது. ஏத்தின அன்னிக்கு வெளிச்சம் இந்தக் களம் வரைக்கும் வந்துது. நைனா அதுலயே ஒரு மூட்டை வேர்க்கடலை உரிச்சாரு.

— நாப்பது மைல் தாண்டி. மிச்சமான கிரசினை என்ன செஞ்சாரு?

— பக்கத்து ஊருக்குக் குடுத்துட்டாரு. அவங்களுக்கு மலை மறைச்சுடுச்சு, பாவம்.

— பழைய மேப்புல உங்க ஊர்கிட்ட மட்டும் கோடு அழிஞ்சு கிடக்கு. அதனாலதான் இந்தக் கல்லைப் புடிச்சு ஆந்திரா இந்தப் பக்கம், மதராஸ் அந்தப் பக்கம்னு போட்டேன். உனக்கென்ன கஷ்டம்?

— வூடு ஆந்திராவுல, கெணறும் கழனியும் மதராசுல. தண்ணி சேந்தப் போற என் பொண்டாட்டி கன்னியம்மா தெனம் ரெண்டு கவர்மெண்டுக்கும் கும்பிடு போடணும். ஒரே பக்கமாத் தள்ளிடுங்க சாரே. எந்தப் பக்கம்னாலும் சரி.

— தள்ளலாம். இது எல்லைக்கல்லு இல்லன்னு வாக்குமூலம் குடு.

— எழுதுங்க. கைநாட்டு வெக்கறேன்.

— ‘கழித்த கல்.’ சரே. கழிச்ச கல்லு குன்றடியிலதானே கிடக்கணும்? உன் கழனிக்கும், உன் வூட்டுப் பக்கமா இருக்கற உங்க அண்ணன் முனிகிருஷ்ணன் கழனிக்கும் நடுவுல எப்படி வந்துச்சு?

— மழையில உருண்டிருக்கும்.

— ஒம்பதும் ஒரே நேரா. பத்தடிக்கு ஒண்ணு.

— ஒழுக்கமான கல்லுங்க சாரே.

— யாரு நட்டதுன்னு எழுதாம வாக்குமூலம் செல்லாது. நீ அவன் கழனிக்குள்ள நாலு முழம் தள்ளி நட்டேன்னு உங்க அண்ணன் கேஸ் போட்டிருக்கானாமே. கோர்ட்டுல என்ன சொன்னே?

— எங்க தாத்தா காலத்துக் கல்லுன்னு.

— சும்மா சொன்னியா?

— கற்பூரம் அணைச்சு சொன்னேன்.

— அயிதே, அப்படின்னா இப்ப எதை எழுதட்டும்? நீ நட்டதுன்னு எழுதினா கோடு நகரும். கெணறு உன் வூட்டுப் பக்கமே வந்துடும்.

— கேசு?

— அது அண்ணன் பக்கம் போயிடும்.

— எழுதினதை அடிச்சுடுங்க சாரே. இது எல்லைக்கல்லுதான். அண்ணன் கேட்டா, அந்த நாலு முழத்தை மதராசு கவர்மெண்டு எடுத்துக்கினுச்சுன்னு சொல்லிக்கறேன்.