நாற்பத்தொரு ‘ள்’

புரூஃப்காரர்: ...பதினேழாம் அத்தியாயத்துல மட்டும் நாப்பத்தொரு பிழைம்மா! அதுவரைக்கும் “வந்தான், போனான்”னு ஒழுங்கா வந்த மாலுமி, திடீர்னு “வந்தாள், போனாள்”னு ஆயிட்டான்.

எழுத்தாளர்: எல்லாத்தையும் திருத்திட்டீங்களாண்ணே?

புரூஃப்காரர்: பின்னே? பதிப்பகத்துல என்னை எதுக்கு உக்கார வச்சிருக்காங்க... ஈ ஓட்டவா?

எழுத்தாளர்: பழைய நாவல்ல அது பொண்ணுதானே. ஆம்பள வேஷம் போட்டு கப்பலேறும். கடைசியில வேஷத்தக் கலைச்சுக் கல்யாணம் பண்ணி...

புரூஃப்காரர்: அது பழைய கதை. நீங்க திருப்பி எழுதினதுல அது வேஷமே இல்லையே! பொண்ணாப் பொறந்தாலும் அவன் ஆம்பளதான். எழுதினவங்களே வாதாடினா எப்படி?

எழுத்தாளர்: சும்மா... உங்க வாயைக் கிளறிப் பாத்தேன்.

புரூஃப்காரர்: நல்லாக் கிளறுனீங்க. ஒரே ஒரு இடத்துல மட்டும் நான் கை வைக்கல. அப்பன்காரன் துறைமுகத்துல நின்னு, “எம்பொண்ணு எங்க போனா?”ன்னு கேக்குறானே...

எழுத்தாளர்: அதை ஏன் விட்டீங்க?

புரூஃப்காரர்: அது பிழையில்லம்மா. பெத்தவன் வாய் அப்படித்தான். லேசுல திரும்பாது.

எழுத்தாளர்: இந்த நாப்பத்தொண்ணத் திருத்தவா புரூஃப் நாலு நாள் தாமதமாச்சு?

புரூஃப்காரர்: ‘ள்’ளை அடிச்சு ‘ன்’ போடணும், அவ்வளவுதான். முப்பது வருஷமாப் பண்ற வேலை... கை வரல. பத்தாவது ‘ன்’ போடுறப்ப அழுதுட்டேன். அப்புறம் கடகடன்னு ஓடிருச்சு. உங்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கேம்மா.

எழுத்தாளர்: நான்தாண்ணே உங்களைக் கும்பிடணும். ஒண்ணு சொல்றேன், கோச்சுக்கக் கூடாது.

புரூஃப்காரர்: சொல்லுங்க.

எழுத்தாளர்: அந்த நாப்பத்தொண்ணும்... வேணும்னே போட்டது.

புரூஃப்காரர்: வேணும்னேவா! எதுக்கு?

எழுத்தாளர்: ஒருத்தர் கேட்டுக்கிட்டாரு. “எங்கப்பா இதைத் திருத்துறாரா, அப்படியே விட்டுடறாரான்னு பாருங்க. திருத்தினா நான் வீட்டுக்குப் போறேன்”னு. மூணு வருஷமாச்சாமே நீங்க பேசி...

புரூஃப்காரர்: எங்க இருக்கா... இருக்கான்?

எழுத்தாளர்: வெளிய, மாடிப்படியில. காலையிலேருந்து.

புரூஃப்காரர்: அந்தக் கதவத் தொறங்கம்மா... டேய்! படியில என்னடா உக்காந்திருக்க? உள்ள வாடா!