பெயர் கேட்காத தொலைபேசி

மேடையில் வீற்றிருக்கும் நிர்வாகக் குழுப் பெரியவர்களே, மறைந்த ஜான்சி அம்மையாரின் கணவர் திரு. ஆரோக்கியராஜ் அவர்களே, கடலூரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, எதற்கு வந்தாய் என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று வாசலோரம் நிற்பவர்களே, உங்கள் அனைவருக்கும் இந்தச் சுப்பராயலுவின் வணக்கம்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நம் ஆலோசனை நிலையத்தின் கதவை ஐந்து ஆண்டுகளாகத் திறந்து மூடுகிறவன். இரண்டு நிமிடம் பேசு என்றார்கள். இரண்டு நிமிடத்தில் அடங்குகிற ஆத்திரம் இல்லை இது.

சுனாமி அடித்த மறு வருஷம் நிலையத்தைத் திறந்தோம். பத்து நாற்காலி போட்டு மனநல ஆலோசகர் ஜான்சி அம்மையார் காத்திருந்தார். யார் வந்தார்கள்? ஒரு தாய் மகளை அழைத்து வந்தாள். எதிர்ச் சாரியில் சொந்த ஊர்க்காரர் ஒருவரைக் கண்டாள். படியேறாமல் திரும்பிவிட்டாள். பைத்தியத்துக்கு வைத்தியம் என்று ஊரில் பேச்சு கிளம்பினால் அந்தப் பெண்ணை யார் கட்டுவார்கள்?

அன்று அம்மையார் என்னிடம் சொன்னார்: “அவுங்க வர மாட்டாங்கண்ணே. நோட்டீஸ்ல போன் நம்பர போடுங்க. பேரு ஊரு கேக்க மாட்டோம்னு பெருசா போடுங்க.”

அதற்குப் பிறகு போன் மணி ஓயவில்லை. சிப்காட்டில் ஷிப்டு ஏறும் முன் சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து பேசினார்கள். பஸ்ஸுக்கு வழியில்லாதவர்கள், கைக்குழந்தையை விட்டு நகர முடியாதவர்கள் பேசினார்கள். குரலில் ஆபத்து தெரிந்தால், அவர்கள் சம்மதத்தோடு ஆளனுப்பி ஆஸ்பத்திரியில் சேர்த்தார் அம்மையார். போன் போதாத இடம் எது என்பதும் அவருக்குத் தெரியும்.

பேப்பரில் அம்மையாரின் மரணச் செய்தி பார்த்து ஒரு அம்மாள் நேற்று அழைத்தார். இதைச் சபையில் சொல்லலாம் என்று அனுமதியும் தந்தார். கணவர் இறந்து பதினாறு நாள் அவர் வாசற்படி தாண்டக் கூடாது. வீடு நிறையச் சொந்தக்காரர்கள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அம்மையாரிடம் பேசினாராம். “வாளி நெறையற வரைக்கும் எனக்குன்னு ஒரு ஆளு இருந்துது” என்றார்.

எந்த நாற்காலி அந்த வீட்டுக்குள் போயிருக்கும்?

ஆனால் நம் குழு என்ன கேட்டது? வந்தவர்களின் கையெழுத்து எங்கே என்று கேட்டது. போனில் பேசுவது சிகிச்சையா, அரட்டையா என்று கேட்டது. அம்மையார் அமைதியாகச் சொன்னார்: “கேக்கறதுக்குக் காது போதும் சார். நாற்காலிதான் காலியா கெடக்குதே.”

முகம் காட்ட முடியாதவர்களிடம் கையெழுத்துக் கேட்கிறீர்களே, நியாயமா? அவரை அடக்கம் செய்த மூன்றாம் நாளே, மாதக் கடைசியில் போன் இணைப்பைத் துண்டிக்கத் தீர்மானம் போட்டீர்களே, மலர்வளையம் வைத்த அதே கையாலா?

அரட்டையா என்று கேட்டவர்களுக்கு என் பதிலைச் சொல்கிறேன். என் மனைவி அமிர்தம் இறந்த வருஷம், அம்மையாரின் அறைக்கு ஆறடி தள்ளித்தான் என் ஸ்டூல் இருந்தது. நேரில் ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. எதிர்க் கடை எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் நம் நிலையத்துக்கே போன் செய்தேன். என் குரல் அவருக்குத் தெரியாதா? தினமும் அண்ணே என்று கூப்பிட்டவர், “சொல்லுங்க ஐயா, அவசரமில்ல” என்றார். அரை மணி நேரம் அழுதேன். திரும்பி வந்தேன். வழக்கம்போல டீ வாங்கி வரச் சொன்னார். நான்கு மாதம் இப்படியே நடந்தது. ஒரு நாளும் அவர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. நான் உயிரோடு இங்கே நிற்கிறேன்.

பெரியவர்களே, வாராவாரம் திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அவரை அழைக்கிறவர்கள் பலர் பேப்பர் படிக்காதவர்கள். சொல்லியனுப்ப நம்மிடம் ஒரு முகவரியும் இல்லை. செத்துப்போன போனின் மௌனத்தையா அவர்களுக்குப் பதிலாகக் கொடுப்பது?

அம்மையாரிடம் மூன்று ஆண்டு பயின்ற ஆலோசகர் இசைவாணி அவருடைய நாற்காலியில் உட்காரச் சம்மதித்துவிட்டார். நான் வாசலில் இருப்பேன். வயரைப் பிடுங்க வருகிறவர் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு மணி அடிக்கும். எடுப்போம்.