வீட்டுப்பாடத்துல நான் நோயாளி

கிர்ர்ர்னு ஒரு சத்தம் மிஸ், இன்னும் காதுல நிக்கிது. எங்கம்மா வூட்டுக்குப் பின்னாடி டென்ட்டு கொட்டாய், படம் ஓடுற சத்தம் அது. உள்ள போயி பாத்ததே கெடையாது, கீத்துல காத வச்சிக் கேட்டதுதான். படத்துல அழுதா நானும் அழுவேன். அப்பறம் நடிப்பு வராமயா போவும்?

ஆமா மிஸ், வீடியோவுல நோயாளியா வர்றது நாந்தான். எழிலரசியோட அம்மா. கீரப்பாளையத்துலேர்ந்து மொத பஸ்ஸப் புடிச்சி கடலூரு வந்தேன். ஐயோ, அவளக் கூப்புடாதீங்க! நான் வந்ததே அவளுக்குத் தெரியக்கூடாது. வெள்ளிக்கெழம நர்சுங்களுக்கான இங்கிலீஸ் பேச்சுப் பரீட்ச இல்ல? போன வருசம் நாலு வார்த்த பேசறதுக்குள்ள அழுதுட்டு எழுந்து வந்தவ அவ. இந்தவாட்டி மனசு கலங்காம பேசிட்டு வந்துடணும். அதுக்குத்தான் ஒங்கள்ட்ட வந்தேன்.

இருங்க, சொல்றேன். மொதல்ல நீங்க பண்ண வேலையக் கேளுங்க. சத்தத்த நிறுத்திட்டு இங்கிலீஸ் படம் போடறீங்களாம், பொண்ணுங்க வாயசைப்புக்குப் பேசணுமாம். அதோட வுட்டீங்களா? அதே மாதிரி வூட்டுலயும் கேள்வி கேட்டு வீடியோ எடுத்துட்டு வாங்கன்னுட்டீங்க. எங்க வூடே ஆஸ்பத்திரி ஆயிடுச்சி! அவ நர்சு, அவுங்கப்பாதான் டாக்டரு. படத்துல டாக்டரு கண்ணாடியக் கழட்டிட்டு சாரின்னு சொன்னாராம், அத மட்டும் புடிச்சிக்கிட்டாரு. இவ இன்னும் எம்பேரக்கூட கேக்கல, கண்ணாடியக் கழட்டி சாரிங்கறாரு. வந்து ஒக்காந்தவளக் கொன்னுட்டாரு மிஸ்!

எனக்குத் திங்கக்கெழம சக்கர, செவ்வாக்கெழம கால் முறிவு, புதன்கெழம மாசமா இருந்தேன். சிரிக்காதீங்க, நாப்பத்தெட்டு வயசுல! அவுங்கப்பா துண்ட ஒதறிப் போட்டுக்கிட்டு கொல்லைக்கு ஓடிட்டாரு. நடுவுல எரும கத்தும், ரெக்கார்டிங் போச்சின்னு இவ கத்துவா. ஒரு நாளு எருமையப் பாத்து ஷட்டப்னேன். அடங்கிடுச்சி மிஸ், சத்தியமா.

அந்தக் கடைசி வீடியோவா? அன்னிக்கி கேள்வி பதில் எழுதுன தாளப் பாத்து வரிசையா கேட்டா. ஃபீவர்? நோ சிஸ்டர். காஃப்? நோ சிஸ்டர். எனி லம்ப்? எஸ் சிஸ்டர். லெஃப்ட் பிரெஸ்ட். த்ரீ மன்த்ஸ். நோ பெயின். ஐ டெல் நோபடி.

நீங்க பெரிய ஸ்க்ரீன்ல போட்டு எல்லாரும் கைதட்டுனீங்களாமே? அம்மா, மிஸ் பத்துக்குப் பத்து போட்டாங்க, ஒன் நடிப்புக்குத்தான்னு ஓடியாந்து கட்டிப்புடிச்சிக்கிட்டா. அது மேலயே தலைய வச்சிக்கிட்டு சிரிக்கிறா.

தாள்ல அந்த பதில் இல்ல மிஸ். நானாத்தான் சொன்னேன்.

தமிழ்ல வாயே வரல. மூணு மாசமா இந்தக் கட்டியப் பத்தி அவுங்கப்பாகிட்ட சொல்லப் போவேன், சோறு போடட்டுமான்னு கேட்டுட்டு வந்துடுவேன். இங்கிலீஸ்ல சொல்றப்ப வேற யாரோ ஒரு பொம்பளைக்கு வந்தாப்புல இருந்துச்சி, சொல்லிட்டேன். மறுநாளே சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன். ஊசி வுட்டு எடுத்துப் பாத்தாங்க. அதேதான்னுட்டாங்க. வர்ற திங்கக்கெழம ஆப்ரேசன்.

ஒக்காருங்க மிஸ். நீங்க என்னா பண்ணுவீங்க, பெத்த பொண்ணுக்கே தெரியாம மறச்சவ நான். தண்ணி குடிங்க மொதல்ல. வெள்ளிக்கெழம பரீட்ச முடிஞ்சி அவ வெளிய வர்றப்ப நீங்க பக்கத்துல இருக்கணும், அவ்வளவுதான். சொல்றது நான் சொல்லிக்கிறேன். தமிழ்லயே. பஸ்ஸுல வர்றப்ப சன்னலப் பாத்து சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டுதான் வந்தேன்.

சின்னதா இருக்கறப்பவே வந்துட்டம்மான்னாரு டாக்டரு. எங்க நாத்தனார் கொளஞ்சியம்மாளுக்கும் இதே எடத்துலதான் இருந்துச்சி. அது யாருகிட்டயும் வாயத் தொறக்கல. போன ஆடியில செத்துப்போச்சி.