அஞ்சாம் குழியில் விழுந்த பந்து

தெரேசம்மா: அந்தக் கல்லுல உக்காராதீங்க, பாசி! வெள்ளச் சட்ட வீணாப் போயிரும்.

சாள்ஸ்: இந்தக் கல்லுலதான் புள்ள நான் நிப்பேன். தொரை கோல்ஃப் ஆடுறப்ப மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து அடிப்பாரு. பந்து எங்க விழுதுன்னு அவருக்குத் தெரியாது. நான்தான் பாத்து...

தெரேசம்மா: பாத்துச் சொல்லணும். கல்யாணமானதுல இருந்து கேக்குறேன்.

சாள்ஸ்: இந்தப் புல்லப் பாரேன். அப்ப மாடு கட்டி மெசின் இழுப்போம். வெட்டின புல்லு வாசம் நம்ம லயத்து வீடு வரைக்கும் வரும். இப்ப இது ஹோட்டலாயிருச்சு, தண்ணி தானாப் பீச்சுது... வாசத்தக் காணோம்.

தெரேசம்மா: வாசம் இருக்கு, உங்க மூக்குதான் போச்சு. அந்தா, அந்தச் சரிவுலதான் நாங்க கொழுந்து எடுப்போம். நீங்க தொரையோட பையத் தூக்கிட்டுப் போறப்ப, கங்காணிக்குத் தெரியாமப் பாப்போம்.

சாள்ஸ்: பாப்போமா? எத்தன பேரு?

தெரேசம்மா: நான் ஒருத்திதான். மத்தவளுங்களுக்குக் கண்ணு நல்லா இருந்துச்சு.

சாள்ஸ்: சிரி, சிரி... அங்க பாரு, மெனேஜர் மாத்தயா மைக்கத் தட்டுறாரு.

தெரேசம்மா: பக்கத்துல நிக்கிறது தொரையோட பேத்தி. லண்டன்ல இருந்து இதுக்குன்னே வந்திருக்கு. தொரை பேரு போட்ட பலகையத் தொறந்ததும் உங்களத்தான் பேசச் சொல்லுவாங்க. ஞாபகம் இருக்கா? எங்க, சொல்லுங்க பாப்போம்.

சாள்ஸ்: "எண்பத்தோராம் வருசம், ஒரு சனிக்கிழம... பெரிய தொரை அடிச்ச பந்து ஒரே அடியில இந்த அஞ்சாம் குழிக்குள்ள விழுந்துச்சு. அதப் பாத்த ஒரே சாட்சி..."

தெரேசம்மா: "நான்தான்." சரி! அவ்வளவுதான். சொல்லிட்டு எறங்கி வந்திருங்க.

சாள்ஸ்: முடியாது தெரேசா.

தெரேசம்மா: என்ன முடியாது? முட்டி வலிக்குதா?

சாள்ஸ்: அது பொய்யி.

தெரேசம்மா: எது பொய்யி?

சாள்ஸ்: பந்து குழியில விழல. நான்தான் எடுத்துப் போட்டேன். நாப்பத்துநாலு வருசம்... கோயில்ல ஃபாதருகிட்டகூடச் சொன்னதில்ல. உங்கிட்டயும் மறச்சிட்டேன்.

தெரேசம்மா: மெதுவாப் பேசுங்க.

சாள்ஸ்: இப்ப நீச்சல் குளம் இருக்குல்ல, அங்க ரப்பர் மரம் நின்னுச்சு. பந்து மரத்துல 'டக்'குன்னு பட்டு, கீழ கட்டியிருந்த செரட்டையில வடிஞ்ச ரப்பர் பாலுக்குள்ள விழுந்துச்சு.

தெரேசம்மா: ஒரே அடியிலதான விழுந்துச்சு?

சாள்ஸ்: வெளையாடாத புள்ள!

தெரேசம்மா: சரி, சரி... சொல்லுங்க.

சாள்ஸ்: அதுக்குக் கொஞ்சம் முந்திதான் உன் தங்கச்சி மூச்சு வாங்க ஓடி வந்துச்சு. நீ ரோஷானிய வயித்துல வச்சுக்கிட்டு வலியில கெடக்குற. புள்ள குறுக்க கெடக்கு, ஒடனே கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்னு மைமூனா மருத்துவச்சி கைய விரிச்சிருச்சு. தோட்டத்து லொறி அவிசாவளைக்குப் போயிருந்துச்சு. மிச்சம் இருந்தது தொரையோட ஜீப் ஒண்ணுதான்.

தெரேசம்மா: அவருகிட்ட நேராக் கேக்க வேண்டியதுதான?

சாள்ஸ்: நல்லாக் கேட்ட போ! வெளையாட்டு நடுவுல நாங்க வாயத் தொறக்கவே கூடாது. முந்தின வாரம் கந்தையா இருமினதுக்கே வெரட்டி விட்டாரு. அன்னைக்கு வேற நாலு குழியிலயும் தோத்துட்டு மொகம் செவந்து கெடந்துச்சு. அந்த மனுசன் சிரிச்சாத்தான் நான் கேக்க முடியும். எனக்கு வேற வழி தெரியல. பந்த எடுத்து, பனியன்ல தொடச்சு, குழியில போட்டுட்டு ரெண்டு கையயும் தூக்கிக் கத்தினேன்.

தெரேசம்மா: அந்தச் சத்தம் லயத்துக்கே கேட்டுச்சு. அவ்வளவு வலியிலயும் எனக்குக் கேட்டுச்சு.

சாள்ஸ்: தொரை ஓடி வந்தாரு. குழியப் பாத்தாரு. தொப்பியத் தூக்கி வீசினாரு! அந்தச் சந்தோசத்துலதான், "பொஞ்சாதிக்கு ரொம்ப முடியலங்க ஐயா"ன்னேன். அவரே ஜீப்ப ஓட்டிக்கிட்டு வந்தாரு. நல்ல மனுசன். அவரப் போய் ஏமாத்திட்டேன். இப்ப அவரு பேரப் பித்தளையில வெட்டி வச்சிருக்காங்க. பேத்தி மொகத்தப் பாத்து மறுபடியும் அதே பொய்யா? இன்னைக்கு உண்மையச் சொல்லிறப் போறேன்.

தெரேசம்மா: சொல்லக்கூடாது.

சாள்ஸ்: ரோஷானி இந்த ஹோட்டல்ல வேல செய்றாளேன்னு பயப்படுறியா?

தெரேசம்மா: அதுக்கில்ல... உள்ள கண்ணாடிப் பெட்டியில அந்தப் பந்து இருக்கே, பாத்தீங்களா?

சாள்ஸ்: பாக்க மனசு வரல.

தெரேசம்மா: பந்து மேல குட்டிக் குட்டிப் பள்ளமா இருக்கும்ல? ஒரு பக்கம் பூரா மஞ்சளா அடஞ்சு கெடக்கு. பழசானதால அப்பிடின்னு மெனேஜர் எல்லாருக்கும் காட்டுறாரு. ரப்பர் தோட்டத்துல பொறந்த எனக்கு ஒட்டுப்பால் தெரியாதா? பனியன்ல தொடச்சாப் போற பாலா அது?

சாள்ஸ்: ஐயோ... அப்ப தொரையும் பாத்திருப்பாரே!

தெரேசம்மா: பாத்தாரு.

சாள்ஸ்: உனக்கெப்பிடித் தெரியும்?

தெரேசம்மா: உங்களப் பையத் தூக்கிக்கிட்டு கிளப்புக்குப் போகச் சொன்னாருல்ல? மைமூனா என்னத் தாங்கிக்கிட்டு பின்னால இருந்திச்சு. தெரணியகலை தாண்டினதும் பாக்கெட்டுல இருந்து பந்த எடுத்தாரு. வெரல்ல ஒட்டிச்சு. மோந்து பாத்தாரு. "சாள்ஸ் வாயத் தொறந்து கேட்டா நான் ஜீப் தர மாட்டேனா?"ன்னாரு. பந்த மறுபடியும் பாக்கெட்டுல போட்டாரு. அப்புறம் அவரே, "இல்ல... இன்னைக்குத் தந்திருக்க மாட்டேன்"னாரு.

சாள்ஸ்: தெரிஞ்சுமா... சாகுற வரைக்கும் என்னக் கண்டா தோளத் தட்டிச் சிரிச்சாரே!

தெரேசம்மா: அழாதீங்க. மெனேஜர் மாத்தயா கையக் காட்டுறாரு, எந்திரிங்க.

சாள்ஸ்: இரு... நீ ஏன் எங்கிட்டச் சொல்லல? இத்தன வருசமா?

தெரேசம்மா: ஆஸ்பத்திரி வாசல்ல எறக்குறப்ப சத்தியம் வாங்கிட்டாருங்க. "பதினெட்டு வருசமா அடிக்கிறேன் தெரேசா, ஒண்ணுகூட இப்பிடி விழல. எனக்குத் தெரியும்னு சாள்ஸ்கிட்டச் சொல்லிறாத. புள்ளய நீங்க வச்சுக்கோங்க, இந்த ஒண்ண நான் வச்சுக்கிறேன்"னாரு.