மண் திருந்த மூன்று வருடம்

எனக்கு எழுபத்திரண்டு வயதாகிறது. இன்னும் கண்ணாடி போடாமலே ஒரு கதிரில் எத்தனை மணி என்று எண்ணிச் சொல்லிவிடுவேன். அதற்காகத்தான் வேளாண் விஞ்ஞானி அனுராதா அம்மா என்னை ஆராய்ச்சி வயலில் வேலைக்கு வைத்தார்கள். பெயர் தேசப்பன். விசாரிக்க வந்த நீங்கள்தான் மண்ணைச் சோதித்துக் கண்டுபிடித்துவிட்டீர்களே, நானே சொல்லிவிடுகிறேன்.

திருத்தணி மலை தெரியும் தூரத்தில் இருபது பாத்திகள். பத்துக்கு யூரியா, பத்துக்குத் தொழுவுரம் மட்டும். இருபது வருடம் நெல் வைத்து எது நல்லது என்று பார்ப்பதாகத் திட்டம். முதல் மூன்று வருடமும் தொழுவுரப் பாத்தி தோற்றது. மூன்றாம் அறுவடையன்று அம்மா சாப்பிடாமல் வரப்பிலேயே நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை.

மறு வருடத்திலிருந்து யூரியாப் பாத்திக்கு எடைபோட்டுத் தந்ததில் பாதியைத் தொழுவுரப் பாத்தியில் வீசினேன். இருந்ததைப் பங்கு வைத்தேன், அவ்வளவுதான். தொழுவுரப் பாத்தி ஜெயித்தது. ஜெயித்துக்கொண்டே இருந்தது. 'மண் திருந்த மூன்று வருடம் ஆகும், பிறகு மகசூல் ஏறும்' என்று அம்மா பலகை எழுதி நட்டார்கள். கணக்கு அப்படித்தான் சொன்னது.

என் மச்சினன் மணவாளன் பலகையைப் படித்துவிட்டுத் தன் இரண்டு ஏக்கரில் யூரியாவை நிறுத்தினான். முதல் வருடம் பாதிதான் விளைந்தது.

"பலகையில போட்டமாரியே கொறையுது பாவா. சரியாத்தான் போய்கினு கீது" என்று சந்தோஷப்பட்டான்.

அடுத்த இரண்டு வருடமும் சரியாகத்தான் போனது. மாடுகளை விற்றான். நாலாம் வருடம் பயிர் முழங்கால் உயரத்தில் மஞ்சளாக நின்றபோது என்னிடம் வந்தான்.

"நான் எங்க தப்பு பண்றேன் பாவா? உன் பாத்தி மட்டும் எப்டி கருகருன்னு நிக்குது?"

"விடியறதுக்குள்ள நான் யூரியா வீசறேன்டா."

சிரித்தான். "போன மாசம் விரால் மீனு மலைப்படி ஏறி சாமி கும்பிட்டுச்சின்னியே, அந்தக் கதைதான இது?"

சிரிப்பு பாதியில் நின்றது. என் முகத்தையே பார்த்தான். இன்னொரு நொடி விட்டிருந்தால் நம்பியிருப்பான். அரக்கோணத்தில் எக்ஸ்பிரஸ் ரயிலை முட்டி நிறுத்திய எருமைக்கடாவின் கதையை எடுத்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

"இன்னும் ஒரு போகம் பாக்கறேன்" என்று போனான்.

பார்த்தான். தை மாதம், பரணில் நாலு வருடமாகத் திறக்காமல் கிடந்த பூச்சிமருந்தைக் குடித்துவிட்டான். என் சம்சாரம் தம்பிக்காக இன்னும் அழுகிறாள். பக்கத்தில் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அவன் ஊரில் இப்போது பதினோரு பேர் யூரியாவை நிறுத்தியிருக்கிறார்கள். இது அவர்களுக்கு இரண்டாம் வருடம். பயிர் வெளுத்திருக்கிறது. போன வாரம் பார்த்தபோது, பொறுமையாக இருக்கச் சொன்னேன். விவரமாகக் கேட்டால் சொல்லியிருப்பேன். மணவாளனிடமே நான் எதையும் மறைக்கவில்லையே.