பெட்டியைக் கீழே வைக்காதவர்கள்

ஓடுகிறோம். லெட்சுமி அக்காவின் கை என் கையில். மழை. முழங்கால் வரை சேறு. பின்னால் மலை இரைகிறது.

"நாய யனவா! துவபல்லா!"

கீழே பாதையில் நின்று ஆட்டோக்கார சுனில் சிங்களத்தில் கத்துகிறார். மலை சரியுது, ஓடுங்க என்கிறார். அவர் சொல்லாமலே தெரிந்தது. முதலில் லொறியில் இருந்து கருங்கல் கொட்டுகிற சத்தம். அடுத்து வேர் அறுகிற சத்தம். பட். பட். பட். ரப்பர் மரங்கள் நின்றபடியே கீழே வருகின்றன.

அக்கா திரும்புகிறாள். கையை உதறுகிறாள்.

"அவரு உள்ள இருக்காரு! என்னைய வுடு சாந்தி!"

நான் விடவில்லை. அவளுடைய புருஷன் மாரிமுத்து அண்ணன் முந்திய நாளே இறந்துபோனவர். நெஞ்சுவலி. பெட்டியில் கிடந்தார். அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் என் வீட்டுக்காரர் யோகன்.

அது ஒரு சனிக்கிழமை காலை. யட்டியாந்தோட்டைக்கு மேலே எங்கள் ரப்பர் தோட்டம். நாங்கள் இருந்தது மேல் லயத்தில். எட்டு வீடுகள், ஒரே கூரை.

வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது கிராம சேவகர் வந்தார். ஒலிபெருக்கியில் சொன்னார். மலையில் வெடிப்பு இருக்கிறது, எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். போனோம். பிள்ளைகள், பாய், சட்டிபானை. ஆனால் மாரிமுத்து அண்ணனை என்ன செய்வது? அவருக்கு வெட்டிய குழியில் கழுத்தளவு தண்ணீர். பிள்ளைகள் தங்குகிற இடத்துக்குப் பிணத்தைக் கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மழை விட்டதும் அடக்கம் செய்யலாமாம். யாரிடம் சொல்லிவிட்டு விடும் இந்த மழை?

செத்தவரைத் தனியாக விட்டுவிட்டு வரும் வழக்கம் எங்களிடம் இல்லை. அதுவும் அவரை. தோட்டத்தில் யார் செத்தாலும் குழி வெட்டியது அவர்தான். என் அப்பாவுக்கு வெட்டினார். குழிக்குள் நின்றுகொண்டே பிளேன்டீ குடிப்பார், பகடி விடுவார். யோகன் தென்னை மாதிரி உயரம். "ஒனக்கு நீளமா வெட்டணும்டா, இப்பவே சொல்லிப்புட்டேன்" என்பார். அத்தனை பேரையும் மண்ணுக்குள் இறக்கிவிட்ட மனுஷன் ஒற்றையாகக் கிடப்பதா? நாலு ஆண்கள் தங்கினார்கள். லெட்சுமி அக்காவும் எழுந்து வரவில்லை.

காலையில் நான் பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுபோனேன். தலைமாட்டில் விளக்கு எரிந்தது. யோகன் திரி தூண்டிக்கொண்டிருந்தார். ஒரு கோப்பைதான் ஊற்றினேன். சத்தம் கேட்டது.

"சாந்தி, அக்காவ இழுத்துக்கிட்டு ஓடு! நாங்க பெட்டியத் தூக்கிக்கிட்டு வாறோம்!"

ஓடினேன். தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் திரும்பிப் பார்த்தேன். வாசலுக்கு வந்துவிட்டார்கள். மூலைக்கு ஒருவராகப் பெட்டி தோளில்.

"வச்சிட்டு வாங்க! பெட்டிய வச்சிட்டு வாங்க!"

கேட்டதா, தெரியாது. ஒருவர் விட்டால் மற்ற மூன்று பேரால் தூக்க முடியாது. பெட்டி விழும். அதனால் ஒருவரும் விடவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. செத்த மனுஷனை இன்னொரு தரம் சாகடிக்க முடியுமா? இவ்வளவுகூடவா நாலு பேருக்கும் புரியவில்லை?

பிறகு சத்தம் நின்றது. அதுதான் பயங்கரம். லயம் இருந்த இடத்தில் சிவப்பு மண். அதற்கு மேல் மழை.

மண் தோண்டுகிற பெக்கோ இயந்திரம் வந்தது. உள்ளே எத்தனை பேர் என்று அதிகாரி கேட்டார். நாலு பேர் என்றோம். உயிரோடு இருந்தவர்களைத்தானே சொல்வோம்? அன்று மூன்று உடல்கள் எடுத்தார்கள். மறுநாள் ஒன்று. பெட்டி பலகை பலகையாகக் கிடந்தது. உடல்களில் முகம் தெரியவில்லை, அவ்வளவு மண். எங்களைக் கிட்டே விடவில்லை. சுற்றிக் கட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சொன்னது நாலு, கிடைத்தது நாலு. பெக்கோவை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரியில் உடல்களைக் கழுவி, வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். அடையாளம் காட்டப் போனேன்.

முதல் துணி. செபஸ்தியான் அண்ணன். கோயில் திருவிழாவில் மாரியம்மன் தாலாட்டு பாடுவார், நத்தாருக்குச் சர்ச்சில் மாதா பாட்டும் அதே தொண்டையில் பாடுவார். இரண்டு பக்கமும் திட்டு வாங்குவார், சிரிப்பார்.

இரண்டாவது குமார். கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை. சாவுக்கென்று ரம்புக்கனை வரை ரயிலில் வந்து, பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தவன். கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை. தோட்டத்துத் துரை நடப்பது போல நடந்து காட்டுவான். லயமே சிரித்து உருளும்.

மூன்றாவது செல்வராஜ் அண்ணன். முன்கோபி. ஒரு பலாமரத்தால் மாரிமுத்து அண்ணனோடு வருஷக்கணக்காகப் பேச்சில்லை. "பேசாட்டி என்ன, தூக்க வரமாட்டேனா?" என்று சொல்லித்தான் தங்கினார்.

நாலாவது துணிக்கு முன்னால் நின்றேன். யோகன்தான் என்று நினைத்தேன். அவர் அதிகம் பேசமாட்டார். ரப்பர் பால் வெட்டும்போது சீட்டி அடிப்பார். என்மேல் கோபம் வந்தால் அடுப்படிக்குப் போய் எல்லாப் பாத்திரத்தையும் சத்தமாகக் கழுவுவார். அதற்காகவே சில நாள் சண்டை இழுப்பேன்.

துணி குட்டையாக இருந்தது. கால்கள் தெரிந்தன. இரண்டு பெருவிரல்களும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தன.

செத்தவருக்குத்தான் அப்படிக் கட்டுவோம். வெள்ளிக்கிழமை மாரிமுத்து அண்ணனுக்குக் கட்டினவளே நான்தான்.

"இவரு முந்தியே செத்தவருங்க! எங்க வீட்டுக்காரரு இன்னும் மண்ணுக்குள்ள இருக்காரு!"

தமிழில் கத்தினேன். சிங்களத்தில் கத்தினேன். அதிகாரி என்னைப் பைத்தியம் என்று நினைத்தார். லெட்சுமி அக்கா வந்து அந்த முடிச்சைத் தொட்டு, என் மனுஷன் என்று சொன்ன பிறகுதான் நம்பினார். பெக்கோவைத் திரும்பவும் மலைக்கு அனுப்பினார். அதற்குள் மேலே இன்னொரு வெடிப்பு. ஆள் ஏறக் கூடாது என்று நாடா கட்டிவிட்டார்கள். நாடாவுக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டேன். தொண்டை கட்டும்வரை கூப்பிட்டேன்.

கணக்கைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். எட்டு வீடுகள். பீலி. செல்வராஜ் அண்ணனின் இரண்டு ஆடுகள். அந்தப் பலாமரம். மண்ணிலிருந்து எடுத்தது நாலு உடல்கள். அதில் மாரிமுத்து அண்ணனை மலை கொல்லவில்லை. மலை கொன்றது செபஸ்தியானை, குமாரை, செல்வராஜை. யோகனை. நாலு உடலும் எடுத்தாயிற்று என்று யாராவது சொன்னால், இல்லை என்று சொல்லுங்கள்.

மாரிமுத்து அண்ணனுக்குப் பக்கத்தில் ஒரு குழி வெட்டியிருக்கிறோம். வெட்டத் தெரிந்தவர் போய்விட்டார், ஓரமெல்லாம் கோணல். ஆனாலும் நீளமாக வெட்டச் சொன்னேன். மழைக்கு நிரம்புகிறது. நானும் லெட்சுமி அக்காவும் வாளியால் இறைக்கிறோம். வெறும் குழி திறந்து கிடக்கக் கூடாது, மூடு என்கிறார்கள்.

மூடமாட்டேன். அவர் இன்னும் வந்து சேரவில்லை.